முழங்காலுக்கு மேல்

எங்கள் லைன் வீட்டில் இப்போது
எல்லாப் பொருளும் முழங்காலுக்கு மேலே குடியிருக்கிறது.
செருப்பு ஜன்னலில்.
கேஸ் குழாய்க்குச் சென்னியப்பன்
இரும்புச் சட்டை மாட்டிவிட்டார்.
சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில்
சார்ஜர் தொங்குகிறது;
கும்பிடும்போது யாரை என்று
சித்தே குழம்பித்தான் போகிறது.

பாபின் வந்து ஐந்து மாதம்.
பெருமாநல்லூர் ரோட்டில் லாரிக்கு அடியில்
நூல்கோன் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தவனை
மகள் துப்பட்டாவில் சுருட்டி வந்தாள்.
"மூணே நாளைக்குத்தாம்மா."

ரிமோட்டைத் தின்றான்.
சீட்டுப் புத்தகத்தில்
மார்ச் முதல் ஜூன் வரை தின்றான்.
"நீங்க கட்டலீங்ளே" என்ற ஏஜென்ட்டிடம்
பல்தடத்தைக் காட்டினேன்.
மனுசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
அதில் தேதி தேடினார்.

அடித்தேன், பொய் சொல்லக் கூடாது,
விளக்குமாற்றால் இரண்டு முறை.
மறுநாள்
விளக்குமாற்றைத் தின்றிருந்தான்.

மிளகாய்த்தூளைத் தடவச் சொன்னாள் பக்கத்து வீட்டு ராசாமணி.
மேசைக்காலில் தடவினேன்.
ஒரு தும்மல் போட்டுவிட்டு நக்கினான்.
மேசையைத் தள்ளிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு
ராத்திரி முழுக்க அழுதது நான்.

இதெல்லாம் சிரிக்கிற கதை.

பீஸ் ரேட்டுக்கு வீட்டில் பிசிறு வெட்டுகிறேன்.
அன்று செவ்வாய்க்கிழமை,
பதினொரு நாள் கழித்துக் குழாயில் தண்ணி.
மூட்டையிலிருந்து எலாஸ்டிக் ஒரு முனை
மஞ்சளாய் நீட்டிக்கொண்டிருந்ததைப்
பார்த்துக்கொண்டேதான் குடத்தைத் தூக்கினேன்.
நாலு குடம்.
திரும்பி வந்தபோது அவன் வாய் சும்மா இருந்தது.
மூட்டை இளைத்திருந்தது.

விடிய விடிய வாந்தி.
காலையில் வாலுக்குக் கீழே
இரண்டு விரல் நீளத்துக்கு மஞ்சள்.
கை தானாகப் போய்விட்டது.
நீட்டி நிற்கிற நூலைக் கண்டால்
இழுத்தே இருபது வருடம் பழகிய கை.
போனில் டாக்டரம்மா கத்தினார்:
"இழுத்துறாதீங்க! கொடல் அறுந்துரும்!
அப்படியே தூக்கிட்டு வாங்க."

ஆட்டோவில் அவன்
என் மணிக்கட்டை வாயில் வைத்துக்கொண்டே வந்தான்.
பல் படவில்லை.
கிடைத்ததையெல்லாம் மென்றவன்
அன்று பிடித்துக்கொண்டு மட்டும் வந்தான்.

தட்டில் கழுவி வைத்துக் காட்டினார்கள்.
ஒன்றே முக்கால் மீட்டர்.
மூன்று ஜட்டிக்கு ஆகும் என்று
என் பாழாய்ப்போன கண் அளந்தது.
தீபாவளி போனஸ் அங்கேயே கரைந்தது.

"பகல்ல இவங்கூட யாரு இருப்பாங்க?"
"நாந்தான், ஊட்டுலயேதானுங்க இருக்கேன்."
"நீங்க இருப்பீங்க.
இவங்கூட யாருன்னு கேட்டேன்."

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் ஒரு மூலை,
குவியலுக்குள் தலை கவிழ்ந்த நான் ஒரு மூலை,
நடுவே ஒரு குட்டி, முளைக்கிற பல்லோடு.
பதில் சொல்லாமல் பில் வாங்கினேன்.

இப்போது நூறு பீஸுக்கு ஒருதரம்
கத்திரிக்கோலை மேலே வைத்துவிட்டு நான் கீழே இறங்குகிறேன்.
ஈரத்துணியை முறுக்கி ஃப்ரிட்ஜில் உறையவைத்துத் தருகிறேன்,
ஈறு தினவெடுக்கும் நாட்களில்.
"குடு" என்றால் கொடுக்கிறான்,
கூலி ஒரு வறுத்த கள்ளக்காய்.
ஆனால் கள்ளப்பயல்,
கூலிக்கென்றே மகளின் சாக்ஸைக்
கூச்சமில்லாமல் கொண்டுவந்து நீட்டுகிறான்.
நாளைக்கு எண்பது பீஸ் குறைகிறது.
சூப்பர்வைசர் கேட்டார்.
கண் மங்கிருச்சுங்க என்றேன்.

ராத்திரி இருட்டில் கறக் கறக்.
விளக்குப் போடாமலே தெரியும் எனக்கு:
பிளாஸ்டிக் என்றால் நொறுங்கும்,
மரம் என்றால் நறநறக்கும்,
இது தேங்காய் மட்டை.
ரப்பருக்குச் சத்தமே இல்லை.

அதனால் சத்தம் கேட்கும்வரை
புரண்டு படுத்துக்கொள்கிறேன்.
நின்றால்தான் எழுகிறேன்.